பசிக்காத உபவாசம்

ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுச் சன்னலில் காது வைக்க வேண்டியதில்லை. அந்த வீட்டுத் துணி என் மேசைக்கு வந்தால் போதும். இருபது வருடமாக இஸ்திரி போடுகிறேன். எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டில் சண்டை, யாருக்கு வேலை போய்விட்டது, எல்லாவற்றையும் துணியே சொல்லிவிடும். நான்தான் வெளியே சொல்வதில்லை. சொன்னால் மறுநாளே கடையை மூட வேண்டியதுதான்.

போதகர் வீட்டுத் துணி நாலு மாதமாகச் சரியில்லை.

என் கடையை ஒட்டித்தான் அவர்களுடைய சபை. சபைக்குப் பின்னால் போதகர் வீடு. அவருக்கு ஐம்பத்துநாலு வயது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஏழு சட்டை வரும், ஏழின் கழுத்துப்பட்டையிலும் வியர்வைக் கறை இருக்கும். ஆஸ்பத்திரி, சாவு வீடு, பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி வீடு என்று மனிதர் அப்படி அலைவார். அந்த ஏழு ஐந்தாகி, மூன்றாகி, பிறகு ஒன்றாயிற்று. அந்த ஒன்றும் கழுத்தில் அழுக்கில்லாமல் முதுகு மட்டும் கசங்கி வந்தது. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பவரின் சட்டை அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போடுகிற வெள்ளை அங்கி மாத்திரம் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

கடை என்றேன், பாதிதான் என்னுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அந்தப் பக்கம் தையல்கார அக்கா. வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. புருஷன் இல்லை, சர்க்கரை வியாதி உண்டு. சபையில் அவர் பாட்டு இல்லாமல் ஆராதனை தொடங்காது. ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்கு வராமல் வேலை பார்ப்பதை நினைத்து எனக்காக இருபது வருடமாக ஜெபிக்கிறார். அந்த ஜெபத்துக்கு நான் இதுவரை எந்த ஒத்துழைப்பும் கொடுத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போதகரம்மா அந்த அங்கியை எடுத்துக்கொண்டு அக்கா பக்கம் வந்தார்.

"மறுபடியும் பிடிக்கணுமா?" அக்கா அங்கியை விரித்துப் பார்த்தார். "போன மாசந்தானேம்மா ரெண்டு பக்கமும் ரெண்டு விரக்கடை பிடிச்சுக் குடுத்தேன்?"

"தொளதொளன்னு தொங்குதுக்கா. மேடை ஏறும்போது காலைத் தட்டுது."

"ஐயா ஒழுங்கா சாப்பிடறாரா இல்லையா?"

"சாப்பிடறதில்ல."

அக்காவின் கையில் இருந்த சுண்ணாம்புக் கட்டி அப்படியே நின்றது. "உபவாசமா?"

தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போதகரம்மாவின் வாய் திறந்தது. எதையோ சொல்ல வந்து மூடிக்கொண்டது.

"சொல்ல வேணாம்மா, எனக்குப் புரியுது," என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. "வெளிய தெரியாமத்தான் இருக்கணும். அதான் மேடையில அப்படி அழறாரா? போன ஞாயிறு வேதம் வாசிக்கும்போதே குரல் உடைஞ்சு போச்சே. சபையில ஒரு கண்ணு காயலையேம்மா. நம்ம ஆத்துமாக்களுக்காக எவ்வளவு பாரம் சுமக்கறாரு மனுஷன்."

"நாளைக்குள்ள குடுத்துடுங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போதகரம்மா போய்விட்டார்.

அவர் படி இறங்கியதும் அக்கா தடுப்பின் மேலே தலையை நீட்டினார். "கேட்டியா தம்பி?"

"சாப்பிடாம இருந்தா எனக்கும் அழுகை வரும்க்கா."

"உன் வாயில நல்லதே வராதா?"

யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னார். மறுநாள் சாயங்காலத்துக்குள் விஷயம் சபைச் செயலாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்கு இரும்புச் சாமான் கடை. ஊர் முழுக்க அவரை வெண்கலம் என்றுதான் சொல்வார்கள். குரல் அப்படி. கடையில் நின்று அவர் ஆணி விலை சொன்னால் இரண்டு தெருவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் விடுதிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சபை ஒலிபெருக்கியில் போதகர் வாசித்தார், பாதியில் நின்றார், விம்மினார். கூடவே நூறு பேர் விம்மினார்கள். பிறகு வெண்கலம் வந்தார்.

"நம்ம ஐயா நமக்காக உபவாசத்துல இருக்காரு. எத்தனை நாளா, எதுக்காகன்னு யாரும் அவரைக் கேக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்த் தொந்தரவு பண்ணவே கூடாது. அதுக்குப் பதிலா நாமளும் அவரோட சேர்ந்துக்குவோம். நாப்பது நாள். காலையில இருந்து சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் தண்ணி மட்டும்."

அடுத்த வாரமே சபை நிறைந்து வெளியில் நாற்காலி போட்டார்கள். பக்கத்துச் சபைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அழுகிற போதகரைப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வெறும் வயிற்றில் நடமாடுகிறவர்களின் சிடுசிடுப்பு வேறு தெரு முழுக்க. ஒரு சட்டையில் மடிப்பு விலகியதற்காக ஒரு விசுவாசி என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

"அக்கா, உங்க சர்க்கரை மாத்திரை?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு ஒவ்வொரு காலையும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வெறும் வயித்துலயா? சாப்பிட்டுட்டுத்தானே அதைப் போடணும்?"

"ஐயா மாசக்கணக்கா சாப்பிடல. என்னால நாப்பது நாள் முடியாதா? நீ இஸ்திரியைப் பாரு, துணி கருகப் போகுது."

அதற்குமேல் அவரிடம் யார் பேசுவது? நானும் இஸ்திரியைப் பார்த்தேன். பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் துணி கொடுக்கப் போதகர் வீட்டுக்குப் போனேன். கூடத்தைத் தாண்டி படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. போதகர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் காலுறை இருந்தது. இன்னொன்று கையில் இருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க." மரியாதை மட்டும் குறையவில்லை.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லா இருக்கேன்னு சொல்லித்தான் பழக்கம்." கையில் இருந்த காலுறையை மடியில் வைத்தார். "நீங்க சபைக்கு வர்றவர் இல்ல, அதனால சொல்றேன். உள்ள ஒண்ணும் இல்ல தம்பி. வருத்தம்னா ஒரு காரணம் வேணும்ல, அதுவும் இல்ல. ஜெபிக்கலாம்னு முட்டி போடறேன். ஜெபமும் வரல, எழுந்திரிக்கவும் தோணல. சுவரைப் பார்த்துக்கிட்டு அப்படியே கிடக்கேன். மேடையில அழறேனே, அது யாரு ஆத்துமாவுக்காகவும் இல்ல. அடுத்த வரியை வாசிக்கத் தெம்பில்லாம அழறேன்."

சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் வந்தேன். மேசைமேல் இரண்டு ரொட்டித் துண்டும் அவித்த முட்டையும் தட்டுப் போட்டு மூடியபடி இருந்தன.

"எட்டரை மணிக்கு அந்த ஒரு காலுக்குப் போட்டாரு," என்றார் போதகரம்மா. "இப்ப பதினொண்ணு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?"

"ரத்தம், நெஞ்சு, எல்லாம் பார்த்தாச்சு தம்பி. உடம்புல ஒண்ணும் இல்ல, மனசுக்குப் பார்க்கற டாக்டர்கிட்ட போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. ரெண்டு மாசமா அது அரிசி டப்பாவுக்குள்ள கிடக்கு. வர மாட்டேங்கிறாரு. 'சோர்வுன்னா விசுவாசக் குறைவுன்னு இருபத்திரண்டு வருஷமா பிரசங்கம் பண்ணினவன், அந்த வாசல்ல எந்த மூஞ்சியோட போய் உக்காருவேன்'ங்கிறாரு."

"உபவாசம்னு ஊரே சொல்லுதே."

அவர் அந்தத் தட்டை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "நான் சொல்லல. சொல்லாம இருந்தேன். அக்கா அப்படிக் கேட்டப்போ, இல்லன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா இனிமே ஏன் சாப்பிடலன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. நாலு மாசத்துல அந்த ஒரு நிமிஷந்தான் தம்பி எனக்கு மூச்சு விட முடிஞ்சுது. அதுக்கப்புறம் சபையே சேர்ந்து பட்டினி கிடக்கும்னு நான் கனவா கண்டேன்?"

"இப்ப சொல்லிடலாமே?"

"சொன்னா என்ன நினைப்பாங்க? அழுகையெல்லாம் வியாதியா, இத்தனை நாள் ஏமாத்தினாங்களான்னு கேக்க மாட்டாங்களா? அவருக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் என் கையாலயே பிடுங்கணுமா?"

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. அந்த அம்மாவுக்கு வீடு போகுமே, வேலை போகுமே என்ற பயம் பெரிதாக இல்லை. அந்தப் பேரையும் பிடுங்கிவிட்டால் கட்டில் விளிம்பில் இருக்கிறவர் அங்கிருந்து எழுந்திருக்கவே மாட்டாரோ என்ற பயம்தான்.

உபவாசம் தொடங்கிய பதினோராம் நாள் பிற்பகல், தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் சத்தம் நடுத் தையலில் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அறுந்தால் அக்கா எதையாவது திட்டுவார், அதுவும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் நெற்றி இயந்திரத்தின் மேல் சாய்ந்திருந்தது. புடவையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. சர்க்கரையைக் கரைத்து உதட்டில் தடவி, துணி ஏற்றுகிற என் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

"சாப்பிடாம யாரு மாத்திரை போடச் சொன்னது?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். "சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிடுச்சு. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

சாயங்காலம் போதகரம்மா வந்தார். அக்காவுக்குக் கையில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் தெளிந்திருந்தது. போதகரம்மா நாற்காலியில் உட்காரவில்லை, கட்டில் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்டு முடிக்கவும் இல்லை. நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். கதவோரமாக ஒதுங்கி நின்றேன்.

"அப்போ ஐயா பட்டினி கிடக்கலையா?" என்றார் அக்கா.

"பட்டினிதான்கா. ஆனா அவருக்குப் பசியே இல்ல. வியாதி."

அக்கா ஊசி இல்லாத கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மூணு தடவை அந்த அங்கியைப் பிடிச்சுத் தைச்சிருக்கேன்," என்றார். "மூணு தடவையும் துணியைத்தான் பார்த்தேன். உள்ள இருக்கற மனுஷனைப் பார்க்கல. நீ மட்டும் என்ன தம்பி, நீயும் துணியைத்தானே பார்த்தே?"

அக்கா போதகரம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கோவம் இருக்கும்மா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். செத்திருப்பேன். ஆனா அந்தக் கோவத்தை அப்புறமா வச்சுக்கறேன், நீங்களும் எங்கயும் ஓடிட மாட்டீங்க. முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போங்க. வர மாட்டேன்னாருன்னா, இந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டு வந்து உங்க வாசல்ல உக்காந்துடுவேன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

வீட்டில் அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பத்து மணிக்குப் போதகரே என் கடை வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பின்னால் போதகரம்மா, கையில் அந்தச் சீட்டு.

"அந்தம்மா என்னால விழுந்துடுச்சாமே தம்பி."

"ஆமாங்கையா." அதில் பூசி மெழுக என்ன இருக்கிறது?

"பக்கத்து ஊருக்குப் போகணும். உங்க வண்டியில வரலாமா?"

போதகரம்மாவை முன்னால் ஏற்றினேன். போதகர் பின்னால்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்து, விடுதி விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்பக்கம் சன்னல் கிடையாது. யாரும் பார்க்க முடியாது. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன மனிதரைத் திருட்டுச் சரக்குப் போல ஏற்றிக்கொண்டு போகிறேனே என்று எனக்கு வழி முழுக்க ஆத்திரம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மருத்துவமனை என்று சொல்ல முடியாது, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. காத்திருக்கிற அறையில் பத்துப் பதினைந்து நாற்காலி. எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலை நாற்காலியில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே அகல விரித்துப் பிடித்திருந்தார். பக்கம் புரட்டத் தாளை இறக்கியபோது பார்த்தால், வெண்கலம்.

எனக்கு முதலில் தோன்றியது, இவருக்கு யார் சொன்னது, பின்னாலேயே வந்துவிட்டாரா என்றுதான். போதகர் கதவருகே அப்படியே நின்றுவிட்டார். போதகரம்மா முன்னால் வந்து, "இங்க தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பார்க்க..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்கம்மா," என்றார் செயலாளர். அவருக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "அந்தப் பொய்யை நான் ஆறு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

போதகர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "யாருக்காக வந்திருக்கீங்க?"

"எனக்குத்தான் ஐயா."

"ஆறு வருஷமாவா?"

"மாசத்துக்கு ஒரு தடவை. சரக்கு எடுக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வருவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லலாம்னுதான் ஒரு நாள் வந்தேன்." செயலாளர் தாளை நாலாக மடித்து மடியில் வைத்தார். "நீங்க பிரசங்கம் எழுதிக்கிட்டிருந்தீங்க. தலைப்பு என்னங்கையான்னு கேட்டேன். 'சோர்ந்துபோகிறவன் விசுவாசி அல்ல'ன்னு வாசிச்சுக் காட்டினீங்க. மேடை விளக்கு எரியல, அதைச் சொல்லத்தான் வந்தேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

"ஞாபகம் இருக்கு. ஆளை வச்சுப் பார்க்கச் சொன்னேன்."

"விளக்கு நல்லாத்தான் எரிஞ்சுது ஐயா."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. தப்பு செய்தவர் முகந்தான், ஆனால் நாலு மாதத்தில் முதல் முறையாக அதில் ஏதோ ஓர் உணர்ச்சி ஓடியது.

"மன்னிச்சுடுங்க," என்றார்.

"நான் மட்டும் என்ன யோக்கியம்? உங்களைப் பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தினமும் கண்ணாடியில பார்த்த மூஞ்சிதானே. கூட்டிட்டு வந்து இந்த வாசலைக் காட்டியிருக்கணும். தைரியம் வரல. தையல்காரம்மா உபவாசம்னு சொன்னதும் அதைப் பிடிச்சுக்கிட்டேன். நாப்பது நாள் உங்களை யாரும் குடைய மாட்டாங்க, அதுக்குள்ள தேறிடுவீங்கன்னு கணக்குப் போட்டேன். அந்தம்மாவுக்குச் சர்க்கரைன்னு எனக்கு நினைப்பே வரல. காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் போட்ட மறைப்புதான்னு அவங்ககிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை நான் சபையில சொல்லிடறேன். உபவாசத்தை எல்லாரும் நிறுத்தணும். எனக்கு என்னன்னு சொல்றேன், உங்களைப் பத்திப் பேச மாட்டேன்."

"சொல்லுங்க. கூட நிக்கறேன். என் விஷயத்தைச் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் தெம்பு வரல."

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து அடுத்த எண்ணைச் சொன்னாள். அது செயலாளருடையது. அவர் எழுந்து தன் எண் சீட்டைப் போதகரிடம் நீட்டினார். "ஐயா முதல்ல போங்க."

"நீங்க போங்க. இங்க நீங்கதான் எனக்கு மூத்தவரு."

அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண் முறைத்தாள். செயலாளர் இரண்டடி போனார். போதகர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த மாத்திரை போட்டா பசிக்குமா?"

செயலாளர் திரும்பி வந்து அவர் முன்னால் குனிந்து நின்றார். "உடனே பசிக்காது ஐயா. முதல் வாரம் வாய் காயும், தூக்கம் தூக்கமா வரும். ரெண்டாவது வாரம் ஒண்ணும் ஆகலையே, விட்டுடலாம்னு தோணும். விட்டுடாதீங்க. எனக்கு மூணாவது வாரம் பசிச்சுது. கடையில ஆணி நிறுத்துக்கிட்டிருந்தேன். திடீர்னு வயித்துல கபகபன்னு ஒண்ணு. என்னன்னே முதல்ல புரியல. தராசை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு ஓடினேன்."

"ஓடினீங்களா?"

"ஓட்டமா ஓடினேன். கடையில யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு என் சம்சாரம் பயந்தே போயிட்டா."

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த போதகரம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அறையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செயலாளர் பதறிப்போய், "நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?" என்றார்.

போதகரம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடிப் போனீங்களேண்ணா," என்றார், "அன்னிக்கு வீட்டுல என்ன சமைச்சிருந்தாங்க?"